90 மீட்டர் இறக்கையை வளைத்துப் பார்க்க ஓர் அரசுக் கூடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதில், விநியோகம், மின்கடத்தல் என்று நீளும் வரிகளுக்கு நடுவே புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கட்டணம் என்று ஒரு சின்ன வரி இருக்கும். யூனிட்டுக்கு 0.0005 டாலர். மாதம் 600 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 30 சென்ட் வரும். மின்கட்டணம் ஏறிவிட்டது என்று சண்டை போடுகிறவர்கள்கூட இந்த வரியைக் கவனிப்பதில்லை. ஆனால் சிறு துளிதான், சேர்ந்தால் ஆண்டுக்கு 2 கோடி டாலரைத் தாண்டுகிறது.

அந்தக் காசு போகிற இடம் மாசசூசெட்ஸ் தூய எரிசக்தி மையம். சுருக்கமாக மாஸ்-சிஇசி. 1997-இல் மின்துறையைப் பிரித்து மறுசீரமைத்த சட்டத்தோடு இந்தக் கட்டணமும் பிறந்தது. 2008-இல் வந்த பசுமை வேலைவாய்ப்புச் சட்டம் மையத்தை உருவாக்க, 2009-இல் அந்த நிதி மையத்தின் கைக்கு வந்தது. மாநில அரசின் அமைப்புதான் என்றாலும் அடிப்படை வருமானம் ரசீதிலிருந்தே வருவதால், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கையேந்தி நிற்க வேண்டிய நிலை குறைவு. ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அமைப்புக்கு இது பெரிய பலம். ஐந்து வருடம் ஓடுகிற வேலைக்கு வருடாவருடம் நிதி கேட்டு மனுப் போட வேண்டியிருந்தால், மூன்றாவது வருடமே நல்ல பொறியாளர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஓட்டையும் உண்டு. நகராட்சிகளே நடத்தும் மின்வாரியங்கள் விரும்பினால் மட்டுமே இந்தக் கட்டணத்தில் சேரலாம். சேராத ஊர்க்காரர்களுக்கு மையத்தின் பல திட்டங்களில் இடம் கிடையாது.

இப்படி ஒரு முகமை கையில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? சுலபமான வழி மானியம். ஆய்வகத்திலிருந்து ஒரு கருவியோடு வெளியே வருகிற இளம் நிறுவனத்துக்கு முதல் மாதிரி செய்யப் பணம், அதை உண்மையான கட்டடத்திலோ தொழிற்சாலையிலோ பொருத்திக் காட்ட அடுத்த கட்டப் பணம், மத்திய அரசு ‘நீங்களும் ஒரு பங்கு போடுங்கள்’ என்று கேட்கும்போது அந்தப் பங்குக்குக் கொஞ்சம் கைகொடுப்பது. மாஸ்-சிஇசி இதையெல்லாம் செய்கிறது. தேவையான வேலைதான். ஆனால் மானியத்தை எந்த மாநிலமும் தரலாம், தருகின்றன. இந்த முகமையைத் தனித்துக் காட்டுவது அது கட்டிய பொதுச் சொத்துகள். ஒரு தனி நிறுவனம் கட்டினால் கட்டுப்படியாகாத, ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிற சாமான்கள் அவை.

காற்றுத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குத் தெற்கே, கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கோபுரம் ஒன்று கடலில் நிற்கிறது. 2016-இல் மாஸ்-சிஇசி பணம் கொடுத்து அதில் ஒரு லைடார் வைக்கச் சொன்னது. லேசர் கதிரை மேலே அனுப்பி, காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைநீள மாற்றத்தை வைத்து, வெவ்வேறு உயரங்களில் காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவி. 100, 150 மீட்டர் உயரத்துக்குக் கடலில் கம்பம் நட வேண்டிய அவசியத்தை அது தவிர்த்துவிடுகிறது. முக்கியமான விஷயம், அந்தத் தரவைப் பூட்டி வைக்கவில்லை என்பது. கடற்பகுதியைக் குத்தகைக்கு எடுக்கப் போட்டியிடும் எல்லா நிறுவனங்களும் ஒரே எண்களைப் பார்க்கலாம். காற்று வேகத்தில் உள்ள சந்தேகம் குறைந்தால் வங்கி கேட்கும் வட்டி குறையும், மின்சார விலை குறையும். அதே கடற்பகுதியில் 2011 முதல் விமானத்தில் பறந்து வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கும் வேலைக்கும் இந்த முகமை பணம் போட்டது. பின்னால் அனுமதி கேட்கும்போது ‘திமிங்கிலம் எந்த மாதம் வரும்’ என்ற கேள்விக்குக் கையில் பதில் இருந்தது.

இன்னொன்று நியூ பெட்ஃபோர்டு துறைமுக முனையம். 2015-இல் கட்டி முடித்தார்கள். கடல் காற்றாலைச் சாமான்களை இறக்கி, நிறுத்தி, கப்பலேற்றுவதற்கென்றே அமெரிக்காவில் கட்டிய முதல் முனையம் இது. சாதாரணத் துறைமுகத் தளத்தில் என்ன குறை என்று கேட்கலாம். கோபுரத் துண்டுகளைத் தூக்கும் கிரேனின் எடை முழுவதும் அதன் சங்கிலிப் பட்டைகளின் கீழே உள்ள சின்ன இடத்தில் இறங்கும். சரக்குப் பெட்டி வைக்கும் தளம் அந்தப் பாரத்தில் உள்வாங்கிவிடும். அதனால் சதுர மீட்டருக்குச் சுமார் 20 டன் தாங்கும்படி இந்தத் தளத்தை அமைத்தார்கள். துறைமுகத்தின் அடிமண்ணோ பழைய தொழிற்சாலைகள் விட்ட பிசிபி நச்சு கலந்த சேறு. கப்பல் வர ஆழப்படுத்தும்போது அதையும் சேர்த்து அள்ளி அடைத்தார்கள்.

கட்டியதில் குறையில்லை, காலம்தான் கழுத்தறுத்தது. முனையம் எந்தத் திட்டத்தை நம்பிக் கட்டப்பட்டதோ, அந்த கேப் விண்ட் திட்டத்தின் மின்கொள்முதல் ஒப்பந்தங்களை 2015 ஜனவரியில் மின் நிறுவனங்கள் ரத்து செய்தன. காற்றாலை இல்லாத காற்றாலைத் துறைமுகம் பல வருடம் வேறு சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2023 மே மாதம்தான் வினியார்ட் விண்ட் திட்டத்தின் கோபுரத் துண்டுகள் வந்து இறங்கின. நடுவில் இருந்த எட்டு வருடமும் பத்திரிகைகளில் வசைதான். ஆனால் 2015-இல் அது இல்லாதிருந்தால் 2023-இல் கட்ட ஆரம்பித்திருக்க வேண்டும். பொதுச் சொத்தில் போட்ட பணத்தை எந்த வருடத்துக் கணக்கில் அளப்பது என்பதில் தணிக்கையாளருக்கும் பொறியாளருக்கும் என்றைக்கும் ஒத்துப்போகாது.

இனி தலைப்பில் சொன்ன கூடம். பாஸ்டனின் சார்ல்ஸ்டவுன் பகுதியில், இறக்குமதிக் கார்கள் வந்து இறங்கும் துறையை ஒட்டி, நீளமாக ஒரு கொட்டகை. காற்றாலைத் தொழில்நுட்பச் சோதனை மையம் என்று பெயர். 2011 மே மாதம் திறந்தார்கள். மத்திய எரிசக்தித் துறை, பொருளாதார மீட்சிச் சட்டப் பணத்திலிருந்து 2.5 கோடி டாலர் கொடுத்தது. நடத்துவது மாஸ்-சிஇசி. உள்ளே மூன்று சோதனை மேடைகள், 90 மீட்டர் வரை இறக்கைகளைச் சோதிக்கலாம். நீளம் புரிய ஒரு ஒப்பீடு: முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் 90-களில் நட்ட 225 கிலோவாட் காற்றாலைகளின் இறக்கை 13, 14 மீட்டர்தான். ஒரு லாரியில் போய்விடும். 70 மீட்டரைத் தாண்டினால் சாலைத் திருப்பங்களையும் பாலங்களையும் கடப்பது பெரும்பாடு. கப்பலில் வருவதே வசதி. கூடம் துறைமுகத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

தனியார் ஏன் கட்டவில்லை? ஒரு நிறுவனம் புது இறக்கை வடிவமைப்பது சில வருடங்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு முழுச் சோதனை போதும். மிச்ச நாளெல்லாம் கூடம் சும்மா கிடக்கும். கல்யாண மண்டபத்தை ஒரே குடும்பம் சொந்தமாகக் கட்டி வைத்துக்கொள்வது மாதிரிதான். எல்லாரும் வாடகைக்கு எடுத்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

சோதனை ஐஇசி 61400-23 என்ற சர்வதேசத் தர விதிப்படி நடக்கிறது. இறக்கை வந்ததும் முதலில் எடை, எடை மையம், இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) மூன்றையும் அளப்பார்கள். வடிவமைப்பாளர் கணினியில் சொன்னதோடு அதிர்வெண் ஒத்துப்போகாவிட்டால், விறைப்பையோ எடைப் பரவலையோ எங்கோ தப்பாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே போவதற்கு முன் அதைப் பேசித் தீர்க்க வேண்டும். பிறகு அடிப்பகுதியைக் கான்கிரீட் மேடையின் எஃகுத் தகட்டில் வட்டமாகப் போல்ட் அடித்து முடுக்குவார்கள். நுனி அந்தரத்தில் நிற்கும். கீழே இழுக்கும்போது நுனி தரையில் தட்டாமல் இருக்க இறக்கையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துவது வழக்கம்.

முதலில் நிலைச் சுமைச் சோதனை. இறக்கையின் நீளவாக்கில் சில இடங்களில் சேடில் என்கிற கவ்விச் சட்டங்களை மாட்டி, ஒவ்வொன்றையும் வின்ச் கயிற்றால் இழுப்பார்கள். கயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இழுவிசையை அளக்கும் லோட் செல். சுமையை ஒரேயடியாக ஏற்றுவதில்லை. 40, 60, 80 சதவீதம் என்று நின்று நின்று ஏற்றி, 100-இல் குறைந்தது 10 விநாடி பிடித்து வைக்க வேண்டும். காற்று தள்ளும் திசையில் இரண்டு பக்கமும், விளிம்புத் திசையில் இரண்டு பக்கமும் என நான்கு முறை. ஒரே ஒரு இறக்கையைத்தான் சோதிக்கிறோம், அடுத்தது இதைவிட நோஞ்சானாக இருக்கலாம் என்பதற்காக, வடிவமைப்புச் சுமையின் மேல் 1.1 என்ற பெருக்கெண்ணும் உண்டு. பெரிய இறக்கையின் நுனி 10 மீட்டருக்கு மேல் வளைந்து வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வளைவது ஆபத்தல்ல. அமுக்கம் வாங்கும் பக்கத்துத் தோல் அலையலையாக மடிந்து எழும்புகிறதா என்பதே கவலை. அது பெரும்பாலும் அகலமான, மெல்லிய பின்விளிம்புப் பக்கம் தொடங்கும்.

இங்கே அடிக்கடி கெடுவது சேடில். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு மரப்பலகையைத் துல்லியமாக வெட்டி உள்ளே ரப்பர் கொடுத்துப் பொருத்த வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் சுமை முழுவதும் ஒரு முனையில் போய் உட்காரும். இறக்கையின் தோல் இரண்டு கண்ணாடி இழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்த அடுக்கு. முனையழுத்தத்தில் நடு அடுக்கு நொறுங்கிவிடும். அப்புறம் உடைந்தது இறக்கையின் குற்றமா சேடிலின் குற்றமா என்று தயாரிப்பாளருக்கும் சோதிப்பவருக்கும் வாரக்கணக்கில் வாதம் நடக்கும். அனுபவசாலிகள் சேடிலின் ஓரத்திலேயே, தோல் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்ற திரிபை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் நாலைந்து கூடுதலாக ஒட்டி வைப்பது அந்த வாதத்தைச் சுருக்கத்தான்.

அடுத்தது, திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்க்கும் அயர்ச்சிச் சோதனை. காலத்தைத் தின்பது இதுதான். நிமிடத்துக்கு 10 சுற்றுச் சுற்றும் காற்றாலை 20 வருடத்தில் சுமார் 10.5 கோடி சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தன் சொந்த எடையால் ஒருமுறை இந்த விளிம்புக்கும் ஒருமுறை அந்த விளிம்புக்கும் வளைகிறது. விநாடிக்கு ஒருமுறை ஆட்டினால்கூட 10.5 கோடியை எட்ட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் சுமையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைப்பார்கள். கண்ணாடி இழைக் கலவையில் சேதம், சுமையின் சுமார் பத்தாவது அடுக்கில் (பத்தாம் பவர்) ஏறும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சுமையை ஒன்றரை மடங்காக்கினால் ஒவ்வொரு ஆட்டமும் 57 மடங்குக்கு மேல் சேதம் செய்யும். 10.5 கோடி ஆட்டம் சுமார் 18 லட்சமாகச் சுருங்கிவிடும். விநாடிக்கு 0.75 ஆட்டம் என்றால் இடைவிடாமல் 28 நாள். நடுநடுவே நிறுத்திப் பரிசோதிப்பது, பழுதுபார்ப்பது, காற்றுத் திசையில் இன்னொரு சுற்று, எல்லாம் சேர்ந்தால் ஒரு இறக்கை மாதக்கணக்கில் மேடையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பத்தாவது அடுக்கு இருபுறமும் கூரான கத்தி. சுமையை 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் சேதம் 63 சதவீதம் கூடுகிறது, நல்ல இறக்கை அநியாயமாகத் தோற்கும். 5 சதவீதம் குறைந்துவிட்டால் சேதம் 40 சதவீதம் குறைகிறது, மோசமான இறக்கை தேறிவிடும். அதனால் ஆட்டத் தொடங்குமுன், தெரிந்த சுமையைக் கட்டி இழுத்து ஒவ்வொரு கேஜும் எவ்வளவு காட்டுகிறது என்று அளவு ஒத்திசைப்பதில் செலவிடும் நாட்களை யாரும் வீண் என்று நினைக்கக் கூடாது.

ஆட்டுவது எப்படி? அந்த நீளத்தை ஹைட்ராலிக் தண்டால் நேரடியாகத் தள்ளி இழுத்தால் பல மீட்டர் வீச்சும் பெரும் எண்ணெய்ப் பம்புகளும் வேண்டும். அதற்குப் பதில் ஊஞ்சல் தத்துவம். ஊஞ்சல் திரும்பும் நொடியில் லேசாகத் தட்டினால் போதுமல்லவா? இறக்கையின் மேல் ஒரு எடையை வைத்து, அதை இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணிலேயே மேலும் கீழும் நகர்த்துவார்கள். சின்ன எடைதான், இறக்கை தானாகவே வீச்செடுத்து ஆடும். இதிலும் வம்பு உண்டு. வளைவு விசை அடியிலிருந்து நுனிவரை சரியாகப் பரவ வேண்டுமானால் ஆங்காங்கே கூடுதல் எடை கட்ட வேண்டும். எடை கூடினால் அதிர்வெண் குறையும், சோதனை நீளும். காற்றுத் திசை ஆட்டத்தில் இறக்கையே பெரிய விசிறியாகிக் காற்றை எதிர்த்து வீச்சைத் தின்றுவிடும். வேகமாக ஆட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தால், கெட்டியான பசை இணைப்புகள் உள்ளுக்குள் சூடாகி, நிஜத்தில் வராத பழுது வரும்.

முதலில் சாவது பெரும்பாலும் இறக்கையல்ல, கேஜ்தான். அதிகத் திரிபில் லட்சக்கணக்கான ஆட்டத்தைத் தகட்டுக் கேஜ்கள் தாங்குவதில்லை. பக்கத்தில் மாற்று கேஜ் ஒட்டி வைக்காவிட்டால் பாதியில் குருடாகிவிடுவோம். அடிப் போல்ட்டுகளும் இறுக்கம் இழக்கும், குறித்த இடைவெளியில் முடுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பரிசோதனை நாட்களில் கேமராவும் கேளா ஒலிக் கருவியும் இருந்தாலும், ஒரு சின்னச் சுத்தியோடு இறக்கையின் மேல் தட்டிக்கொண்டே போகும் ஆளும் இருப்பார். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே வித்தை. கணீரென்று கேட்டால் ஒட்டு நன்றாக இருக்கிறது. சத்தம் மங்கினால் படலம் விட்டிருக்கிறது, அங்கே சாக்பீஸால் வட்டம்.

இவ்வளவும் முடிந்தபின் மறுபடியும் நிலைச் சுமை. அயர்ந்த இறக்கை இன்னமும் முழுச் சுமையைத் தாங்குகிறதா என்று பார்க்க.

இத்தனை செய்தும் உடைகிறதே என்று கேட்டால், 2024 ஜூலை 13-ஐச் சொல்லியாக வேண்டும். அன்று வினியார்ட் விண்ட் திட்டத்தில், ஜிஇ நிறுவனத்தின் ஹாலியாட்-எக்ஸ் காற்றாலை ஒன்றின் 107 மீட்டர் இறக்கை முறிந்தது. சில நாட்களில் நாண்டக்கெட் தீவின் கரையில் கண்ணாடி இழைத் துண்டுகளும் நுரைக் கட்டிகளும் ஒதுங்கின. 16-ஆம் தேதி தெற்குக் கடற்கரைகளில் குளிக்கத் தடை போட்டார்கள். கூடத்தின் 90 மீட்டர் அளவை மீறியதுதான் என்றாலும், அந்த 107 மீட்டர் வடிவமைப்பின் ஒரு இறக்கை 2019-இல் இதே சார்ல்ஸ்டவுன் கூடத்துக்குச் சோதனைக்கு வந்தது. ‘சோதித்த இறக்கையே உடைந்துவிட்டது, அந்தக் கூடம் எதற்கு’ என்று அப்போது எழுதியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. கூடத்தில் சோதிப்பது வடிவமைப்பை. கடலில் முறிந்தது, கனடாவின் காஸ்பே தொழிற்சாலையில் செய்த குறிப்பிட்ட ஒரு இறக்கை. தயாரிப்பில் பசை ஒட்டு போதவில்லை, தரப்பரிசோதனையே அதைப் பிடித்திருக்க வேண்டும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பசை ஒட்டு ஏன் இவ்வளவு முக்கியம்? இறக்கையை முழுதாக வார்ப்பதைவிட, இரண்டு ஓடுகளாகத் தனித்தனியே வார்த்து, நடுவே தாங்குசுவர்களை நிறுத்தி, எபாக்சிப் பசையைக் கனமாகப் பரப்பி மூடுவதுதான் தொழிலில் பரவலான முறை. மூடியபின் ஒட்டைக் கண்ணால் பார்க்க வழியில்லை. பசை குறைவாக விழுந்தாலும், ஓடு சற்று விலகி அமர்ந்தாலும், உள்ளே காற்றுக் குமிழி தங்கினாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பசை தடித்துப்போனாலும் ஆபத்து, இறுகும்போது சுருங்கி விரிசல் விடும். மாதிரி இறக்கையைச் சோதனைக்கு அனுப்பும்போது ஒவ்வொரு சென்டிமீட்டரும் கண்ணும் கருத்துமாகச் செய்திருப்பார்கள். நூறாவது இறக்கையைச் செய்யும் இரவு ஷிஃப்ட்டில் அந்தக் கவனம் இருக்கும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது.

அதனால்தான் முறிவுக்குப் பின் நிறுவனம் செய்த முதல் வேலை, காஸ்பேயில் அதுவரை செய்த சுமார் 150 இறக்கைகளின் கேளா ஒலிப் பரிசோதனைப் பதிவுகளை மறுபடி எடுத்துப் படித்தது. பதிவு ஏற்கெனவே இருந்தது. பிறகு காஸ்பே இறக்கைகளைக் கழற்றிவிட்டு பிரான்ஸின் ஷெர்பூர்க்கில் செய்தவற்றை மாட்டும் வேலை தொடங்கியது. மாற்று இறக்கைகள் வந்து இறங்கியதும், பழையவை கரையேறியதும் அதே நியூ பெட்ஃபோர்டு முனையத்தின் வழியாகத்தான்.